தைராய்டு மாத்திரை போடுகிறவர் முட்டைகோஸ் சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 44. தைராய்டு சுரப்பு குறைவு என்று ஆறு வருடமாக லெவோதைராக்ஸின் 75 மைக்ரோகிராம் மாத்திரை எடுத்து வருகிறேன். முட்டைகோஸ் சாறு குடித்தால் எடை குறையும், வயிற்றுப் புண் ஆறும் என்று படித்துவிட்டு, இரண்டு மாதமாகத் தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு பெரிய டம்ளர் பச்சைச் சாறு குடிக்கிறேன். மாத்திரையையும் அந்தச் சாற்றோடுதான் விழுங்குகிறேன். என் மாமியாரோ, "தைராய்டு இருக்கிறவள் கோஸ் பக்கமே போகக் கூடாது" என்கிறார். கணவருக்குச் செயற்கை இதய வால்வு பொருத்தி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் கொடுத்திருக்கிறார்கள். கோஸ் சாப்பிட்டாலே அவருக்கு வயிறு உப்பிவிடும். மகளுக்குப் பத்து வயது. கோஸில் இருக்கும் புழு மூளைக்குப் போய்விடும் என்று யாரோ சொன்னதிலிருந்து தொடவே மறுக்கிறாள். உண்மையில் கோஸில் சத்து இருக்கிறதா? யார் எவ்வளவு, எப்படிச் சாப்பிடலாம்?

பதில்: நாளைக் காலையிலிருந்து அந்தச் சாற்றை நிறுத்திவிடுங்கள். முட்டைகோஸை நிறுத்த வேண்டாம். இரண்டும் ஒரே காய்தானே என்று கேட்பீர்கள். காய் ஒன்றுதான், ஆனால் உள்ளே போகும் அளவும், போகும் விதமும் வேறு. உங்கள் மாமியார் சொல்வதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. நீங்கள் படித்ததிலும் ஒரு பங்கு இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கோஸைப் புகழ்கிறவர்களும் பயப்படுகிறவர்களும் பெரும்பாலும் ஒரே வேதிப்பொருள் குடும்பத்தைத்தான் காட்டுகிறார்கள்.

அந்தக் குடும்பத்தின் பெயர் குளுக்கோசினோலேட். கந்தகம் கலந்த இந்தப் பொருள்கள் முட்டைகோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி, நூல்கோல், முள்ளங்கி, கடுகு எல்லாவற்றிலும் உண்டு. இலையின் செல்களில் குளுக்கோசினோலேட் ஓரிடத்திலும், அதை உடைக்கும் மைரோசினேஸ் என்ற நொதி வேறிடத்திலும் தனித்தனியே இருக்கின்றன. கத்தி படும்போதோ பல்லில் அரைபடும்போதோதான் இரண்டும் கலக்கும். அப்போது வருவதுதான் பச்சைக் கோஸின் லேசான காரமும் மணமும். உடைந்து வரும் பொருள்களில் ஐசோதயோசயனேட்டுகள் உடம்பின் நச்சு நீக்கும் நொதிகளைத் தூண்டக்கூடியவை. கோஸ் நல்லது என்று சொல்லும் ஆய்வுகள் பெரும்பாலும் இவற்றைச் சுற்றித்தான். அதே உடைப்பில் தயோசயனேட்டும், சிறிதளவு காய்ட்ரினும் வருகின்றன. தயோசயனேட், தைராய்டு சுரப்பிக்குள் அயோடின் நுழையும் வாசலில் அயோடினோடு போட்டி போடும். கிடைக்கும் அயோடினைக் கொண்டு ஹார்மோன் உண்டாக்கும் வேலையையே தடுப்பது காய்ட்ரின்.

மாமியாரின் பயத்துக்கு வேர் 1928-இல் இருக்கிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில், ஆய்வுக்காக வளர்த்த முயல்களுக்குக் கோஸையே முக்கியத் தீனியாகப் போட்டு வந்தார்கள். அவற்றுக்குக் கழுத்துக் கழலை வந்தது. கோஸுக்கும் தைராய்டுக்கும் முடிச்சு விழுந்தது அப்போதுதான். ஆனால் நாம் முயல் அல்ல. கோஸை மட்டுமே தின்று வாழ்வதும் இல்லை. மனிதர்களில் நடந்தது என்ன என்று பார்த்தால் இரண்டு சான்றுகள் உதவும். 1986-இல் பத்துப் பேருக்கு, கோஸின் நெருங்கிய உறவான களைக்கோஸை (பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ் எனும் குட்டிக் கோஸ்) வேகவைத்துத் தினம் 150 கிராம் வீதம் நான்கு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். தைராய்டு அளவுகளில் மாற்றமே இல்லை. மறுபக்கம், 2010-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த செய்தி: 88 வயதுப் பெண்மணி ஒருவர், சர்க்கரை நோய்க்கு நல்லது என்று நம்பி, சீனக் கோஸ் வகையான பாக்சோயைப் பச்சையாகத் தினம் ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ வரை பல மாதம் சாப்பிட்டிருக்கிறார். தைராய்டு அடியோடு படுத்து, மயங்கிய நிலையில் மருத்துவமனைக்கு வந்தார்.

வேகவைத்த 150 கிராமுக்கும் பச்சையான ஒன்றரைக் கிலோவுக்கும் நடுவில்தான் உங்கள் டம்ளர் இருக்கிறது. ஒரு பெரிய டம்ளர் சாறு பிழிய ஏறக்குறைய அரை கிலோ கோஸ் ஆகும். தட்டில் வைத்தால் அரை கிலோ பச்சைக் கோஸை யாராலும் தினமும் மென்று தின்ன முடியாது. தாடையே போதும் என்று சொல்லிவிடும். சாறாக்கினால் அந்தத் தடை போய்விடுகிறது. மிக்ஸியில் அடிக்கும்போது ஒவ்வொரு செல்லும் சிதைவதால் நொதிக்கும் முழு வேலை கிடைக்கிறது. வேகவைத்தால் நொதி செயலிழந்துவிடும். நீரில் கொதிக்கவைத்தால் குளுக்கோசினோலேட்டில் ஒரு பங்கு தண்ணீரோடும் போய்விடும். அப்புறம் குடல் பாக்டீரியாக்கள் கொஞ்சம் உடைக்கும், அவ்வளவுதான். ஆகவே உங்களுக்கு என் கணக்கு இது: சமைத்த கோஸ் ஒரு வேளைக்கு 100 முதல் 150 கிராம், வாரத்தில் மூன்று நான்கு நாள், தயங்காமல் சாப்பிடலாம். சாலட்டில் ஒரு கைப்பிடி பச்சைக் கோஸ் சேர்வதாலும் ஒன்றும் ஆகாது. பச்சைச் சாறு மட்டும் வேண்டாம்.

சமையலுக்கு அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்துகிறீர்களா என்று பாருங்கள். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும். அது போதுமான அளவில் இருந்தால் தயோசயனேட்டின் போட்டி எடுபடாது. அதற்காக அயோடின் சொட்டு மருந்தோ கடற்பாசி மாத்திரையோ நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். பெரியவர்களுக்குத் தைராய்டு குறைவது பெரும்பாலும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதால்தான். அந்த நிலையில் அளவு மீறிய அயோடின் நிலைமையை மோசமாக்கலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் கவலைப்பட வைத்தது கோஸ் அல்ல, மாத்திரையைச் சாற்றோடு விழுங்குகிறீர்களே, அதுதான். லெவோதைராக்ஸின் குடலில் உறிஞ்சப்படுவதில் ரொம்பவும் மென்மையான மருந்து. காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போட்டு, 30 முதல் 60 நிமிடம் கழித்துத்தான் வேறு எதுவும் உள்ளே போக வேண்டும். சாறு, காபி, சோயா பால், நார்ச்சத்துள்ள உணவு எல்லாமே உறிஞ்சும் அளவைக் குறைக்கக்கூடியவை. இரும்புச்சத்து மாத்திரையோ கால்சியம் மாத்திரையோ எடுத்தால் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் இதெல்லாம் ஒத்துவராது என்றால், இரவு உணவு முடிந்து குறைந்தது மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எந்த நேரமானாலும் தினம் ஒரே நேரம்.

இரண்டு மாதம் இப்படி ஓடியிருப்பதால், சாற்றை நிறுத்தி, மாத்திரையைச் சரியாகப் போட ஆரம்பித்த நாளிலிருந்து 6 முதல் 8 வாரம் கழித்து டி.எஸ்.எச் (தைராய்டு குறைந்தால் ஏறும் ஹார்மோனின் அளவு) ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அதற்கு முன் பார்த்தால் எண் நிலைக்கு வந்திருக்காது. இடையில் உடம்பு மிகவும் சோர்ந்து, குளிர் தாங்காமல், முகம் ஊதி, குரல் கரகரத்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். அவரிடம் சாறு குடித்ததையும் சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால், கூடியிருக்கும் எண்ணைப் பார்த்து அவர் மாத்திரை அளவைக் கூட்டுவார். சாற்றை நிறுத்திய பின் அதே அளவு உங்களுக்கு மிகையாகி, படபடப்பு வரும். மருந்தின் அளவை நீங்களாக மாற்றவே கூடாது.

சரி, வயிற்றுப் புண்ணுக்குச் சாறு என்பது எங்கிருந்து வந்தது? 1949-இல் கார்னெட் சேனி என்ற அமெரிக்க மருத்துவர், குடல் புண், இரைப்பைப் புண் உள்ள 13 பேருக்குத் தினம் ஏறக்குறைய ஒரு லிட்டர் பச்சைக் கோஸ் சாறு கொடுத்து, வழக்கத்தைவிட வேகமாகப் புண் ஆறியதாக எழுதினார். சாற்றிலுள்ள காரணப்பொருளுக்கு வைட்டமின் யூ என்றும் பெயர் வைத்தார்கள். இன்றைக்கு அது வைட்டமின் பட்டியலிலேயே இல்லை. எஸ்-மெத்தில்மெத்தியோனின் என்ற சேர்மம் அது. அந்த ஆய்வில் சாறு குடிக்காத இன்னொரு கூட்டத்தை அதே நேரத்தில் வைத்து ஒப்பிடவில்லை. பழைய ஏடுகளில் இருந்த நாள் கணக்கோடுதான் ஒப்பிட்டார். அன்றைக்கு வேறு நல்ல மருந்தும் கிடையாது, எனவே முயன்று பார்த்ததில் தவறில்லை. ஆனால் 1982-இல் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைக் கண்டுபிடித்த பிறகு (அதற்கு 2005-இல் நோபல் பரிசும் கிடைத்தது) கதையே மாறிவிட்டது. பெரும்பாலான வயிற்றுப் புண்களுக்கு அந்தக் கிருமியோ, வலி மாத்திரைகளோதான் காரணம். கிருமி இருந்தால், அமிலம் குறைக்கும் மருந்தோடு ஆன்டிபயாடிக் சேர்த்து 10 முதல் 14 நாள் கொடுத்தே தீர்த்துவிடலாம். உங்களுக்குப் புண் இருப்பதாக யாராவது பரிசோதித்துச் சொன்னார்களா, நீங்களே முடிவு செய்துகொண்டதா என்று கடிதத்தில் தெரியவில்லை. எரிச்சல் தொடர்ந்தால் கிருமிக்கான மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்யுங்கள். மலம் கறுப்பாகத் தார்போலப் போனால், வாந்தியில் ரத்தம் தெரிந்தால், காரணமில்லாமல் எடை இறங்கினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எடையைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 100 கிராம் கோஸில் 25 கலோரி, 92 கிராம் தண்ணீர். தட்டில் பாதியை இப்படி ஒரு காய் நிரப்பினால் மற்றது குறையும், எடையும் மெல்லக் குறையும். சாற்றில் அந்தப் பயனும் இல்லை, ஏனென்றால் வயிறு நிறைந்த உணர்வைத் தரும் நாரைச் சக்கையாக வடிகட்டி எறிந்துவிடுகிறீர்கள். ஏழு நாள் கோஸ் சூப் மட்டும் குடிக்கும் பத்தியத்தில் இறங்கும் கிலோக்களில் பெரும்பங்கு உடம்பின் நீர்தான். புரதம் இல்லாததால் தசையும் கரையும். எட்டாம் நாள் சாதாரணமாகச் சாப்பிட்டதும் முள் மேலே ஏறும். தைராய்டு சரியான அளவில் இல்லாவிட்டால் எந்தப் பத்தியமும் இழுபறிதான், ஆகவே முதலில் மாத்திரை நேரத்தைச் சரி செய்யுங்கள்.

இனி நீங்கள் கேட்ட சத்து. பச்சைக் கோஸ் 100 கிராமில் சுமார் 36 மில்லிகிராம் வைட்டமின் சி, 76 மைக்ரோகிராம் வைட்டமின் கே, 43 மைக்ரோகிராம் ஃபோலேட், இரண்டரைக் கிராம் நார், 170 மில்லிகிராம் பொட்டாசியம், 40 மில்லிகிராம் கால்சியம். இதில் சிறப்பு சியும் கேயும்தான். வைட்டமின் சி வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 45 முதல் 90 மில்லிகிராம் வரை என்று அமைப்புக்கு அமைப்பு வரையறை மாறும். எதை எடுத்துக்கொண்டாலும், சரியாகச் சமைத்த 150 கிராம் கோஸ் அதில் நல்ல பங்கைத் தந்துவிடும். புரதம், இரும்பு போன்றவற்றுக்குக் கோஸை நம்ப வேண்டாம். மாவுச்சத்து குறைவு என்பதால் சர்க்கரை நோயாளிகளுக்கும், பொட்டாசியம் அதிகமில்லை என்பதால் சிறுநீரகக் கோளாறில் காய்களைப் பொறுக்கி எடுத்துச் சாப்பிடுகிறவர்களுக்கும் கைகொடுக்கும் காய் இது. புற்றுநோயைத் தடுக்கும் என்ற பேச்சைப் பொறுத்தவரை, இந்தக் குடும்பத்துக் காய்களை நிறையச் சாப்பிடுகிறவர்களிடம் சில புற்றுநோய்கள் குறைவாக இருப்பதைச் சில கணக்கெடுப்புகள் காட்டுகின்றன, சில காட்டவில்லை. சாப்பிடக் காரணமாக வைத்துக்கொள்ளலாம். சிகிச்சைக்குப் பதிலாக வைத்துக்கொள்ளக் கூடாது.

அந்தச் சத்து தட்டுக்கு வருமா என்பது அடுப்பில்தான் முடிவாகிறது. பெரும்பாலும் மூன்று இடத்தில் தவறு நடக்கிறது: நறுக்கிய பிறகு கழுவுவது, நிறையத் தண்ணீரில் வேகவிடுவது, நேரம் பார்க்காமல் விடுவது. வைட்டமின் சியும் ஃபோலேட்டும் நீரில் கரைபவை. பொடியாக நறுக்கிய கோஸைத் தண்ணீரில் ஊறப்போட்டால், வெட்டுப்பட்ட ஒவ்வொரு விளிம்பிலிருந்தும் கசிந்து போகும். கொதிநீரில் இது இன்னும் வேகமாக நடக்கும். பச்சை முட்டைகோஸை 30 நிமிடம் தண்ணீரில் கொதிக்கவைத்துச் சோதித்ததில் குளுக்கோசினோலேட்டில் ஏறத்தாழ 65 சதவீதம் போய்விட்டது. ஆவியில் வேகவைத்தபோதும், மைக்ரோவேவிலும், வாணலியில் வேகமாக வதக்கியபோதும் குறிப்பிடத்தக்க இழப்பு இல்லை. தைராய்டுக்குப் பயந்து அரை மணி நேரம் கொதிக்கவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டுகிறவர்கள் உண்டு. அவர்கள் கோஸின் குற்றத்தோடு குணத்தையும் சேர்த்துக் கொட்டிவிடுகிறார்கள். நான் சொன்ன அளவில் சாப்பிடுகிறவருக்கு அது தேவையே இல்லை.

இப்படிச் செய்து பாருங்கள். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கிற, இலைகள் இறுகிய கோஸாக வாங்குங்கள். அடித்தண்டின் வெட்டுமுகம் காய்ந்து பழுப்பேறியிருந்தால் அது பழசு. மேலே உள்ள இரண்டு மூன்று இலைகளை உரித்துவிட்டு, நான்காகப் பிளந்து, நடுத்தண்டை வெட்டி எடுத்து, இலைகளைப் பிரித்து ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவி, நீரை உதறிவிடுங்கள். இதற்குப் பிறகுதான் நறுக்க வேண்டும், அரை சென்டிமீட்டர் அகலக் கீற்றாக. நறுக்கியதை அப்படியே 30 அல்லது 40 நிமிடம் மூடி வையுங்கள். சூடு பட்டால் செத்துப்போகும் அந்த நொதி, அடுப்பேறும் முன்பே தன் வேலையை முடித்துக்கொள்ள இந்த அவகாசம். நேரமில்லையா, சமைத்து இறக்கிய பின் அரைத் தேக்கரண்டி கடுகுப் பொடியைத் தூவிக் கிளறுங்கள். கடுகில் இருக்கும் அதே நொதி சூட்டை இன்னும் கொஞ்சம் தாங்கும். வேகவைத்த புரோக்கோலியில் கடுகுப் பொடி சேர்த்து ஆய்ந்ததில், உடம்புக்குக் கிடைக்கும் ஐசோதயோசயனேட் நான்கு மடங்குக்கு மேல் கூடியது.

நாலு பேருக்கு 500 கிராம் என்றால் அகலமான வாணலியாக எடுங்கள். குறுகிய பாத்திரத்தில் குவித்தால் அடியில் உள்ளது குழைந்து, மேலே உள்ளது பச்சையாக நிற்கும். இரண்டு தேக்கரண்டி எண்ணெய் காய்ந்ததும் கோஸைப் போட்டு, தீயை நன்றாக வைத்து 5 முதல் 7 நிமிடம் கிளறுங்கள். எண்ணெய் ருசிக்கு மட்டுமல்ல, வைட்டமின் கே கொழுப்போடுதான் உடம்பில் சேரும். வாணலியை இறக்குவதற்கு ஒரு நிமிடம் முன் உப்புப் போடுங்கள். ஆரம்பத்திலேயே போட்டால் இலை நீர் விட்டு, வதங்குவதற்குப் பதில் அந்த நீரிலேயே அவிந்துவிடும். நிறம் முதலில் பளிச்சென்று பச்சையாகும், அதுதான் இறக்கும் தருணம். அதைத் தாண்டி மங்கிய சாம்பல் பச்சைக்குப் போனால் அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும். வேகும் நேரம் கூடக் கூட, கந்தகச் சேர்மங்கள் சிதைந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வருவதே காரணம். மூடி போட்டால் அந்த வாயு உள்ளேயே சுற்றும். குக்கரில் வைப்பதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பச்சை நிறம் நிற்க வேண்டும் என்று சோடா உப்புப் போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அது வைட்டமின் சியை அழித்து, இலையைக் கூழாக்கும்.

ஊதாக் கோஸ் கிடைத்தால் மாற்றி மாற்றி வாங்குங்கள். 100 கிராமில் 57 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது, நிறம் தரும் ஆந்தோசயனின்களும் கூடுதல். வதக்கும்போது ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டால்தான் அந்தச் சிவப்பு நிற்கும், இல்லாவிட்டால் நீலம் பாய்ந்து பார்க்கவே பிடிக்காது.

கணவர் விஷயத்துக்கு வருகிறேன். வார்ஃபரின் வேலை செய்வதே வைட்டமின் கேயின் பயன்பாட்டைத் தடுத்துத்தான். அதனால் பலர் பச்சைக் காய் எதையுமே தொடக் கூடாது என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் வேண்டியது ஒரே சீரான அளவு. அவருடைய மாத்திரையின் அளவு, அவர் வழக்கமாகச் சாப்பிடும் உணவை வைத்தே ஐ.என்.ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் எண்) பார்த்து முடிவு செய்யப்பட்டிருக்கும். ஒரு வாரம் கோஸே இல்லை, அடுத்த வாரம் நாலு நாள் கால் கிலோ வீதம் என்று போனால் எண் கீழே இறங்கி, வால்வில் ரத்தம் உறையும் ஆபத்து. முன்பு சாப்பிட்டு வந்ததைத் திடீரென்று நிறுத்தினால் எண் ஏறி, ரத்தக் கசிவு ஆபத்து. எனவே அவருக்கு வாரத்தில் இரண்டு நாள், ஒவ்வொரு தடவையும் சமைத்தது முக்கால் கிண்ணம் என்று நிர்ணயித்துக்கொண்டு, அதை மாற்றாமல் கடைப்பிடியுங்கள். புதிதாக ஆரம்பிப்பதாக இருந்தால் வார்ஃபரின் கொடுக்கும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, அடுத்த ஐ.என்.ஆர் பரிசோதனையைக் கொஞ்சம் சீக்கிரம் வைத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் பசலைக்கீரையில் சுமார் 480 மைக்ரோகிராம் வைட்டமின் கே இருக்க, கோஸில் 76, ஊதாக் கோஸில் அதிலும் பாதி. ஆகவே இந்தக் கணக்கில் கோஸ் பெரிய ஆள் இல்லை. ஆனால் உங்கள் சாற்று டம்ளர் தவறிக்கூட அவர் கைக்குப் போகக் கூடாது. இன்னொன்று, ரத்தம் உறையாமலிருக்க அபிக்ஸபான், ரிவராக்ஸபான் போன்ற புதிய மருந்து எடுக்கும் உறவினர்களைப் பார்த்து, "அவர் கீரை கோஸ் எல்லாம் பார்ப்பதே இல்லையே" என்று அளவை மாற்றிவிட வேண்டாம். அந்த மருந்துகளுக்கும் வைட்டமின் கேக்கும் சம்பந்தம் இல்லை. இயந்திர வகை (மெக்கானிக்கல்) செயற்கை வால்வு உள்ளவர்களுக்கு அவை பொருந்துவதும் இல்லை.

அவருக்கு வயிறு உப்புவதற்கு, கோஸ் செரிக்கவில்லை என்று பொருளல்ல. நாரும் சில சர்க்கரைகளும் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே பாக்டீரியாக்களுக்குத் தீனியாகின்றன. அவை விடும் காற்றுதான் உப்புசம். கந்தகம் இருப்பதால் வாடையும் சேர்கிறது. உணவு பெருங்குடலை எட்டவே பொதுவாக நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். சாப்பிட்டுக் கால் மணியில் வயிறு கல்லாகிவிட்டது என்றால், அந்த வேளைக் கோஸ்மீது பழி போடுவதற்கு முன் வேகமாக விழுங்கியதையும், கோஸோடு சேர்த்த வெங்காயம், பூண்டு, பருப்பு ஆகியவற்றையும் கொஞ்சம் விசாரியுங்கள். வெங்காயமும் பூண்டும் கோஸைவிடக் கைகாரர்கள். சோதித்துப் பார்க்க ஒரு வழி: மதிய வேளையில், வெங்காயம் பூண்டு இல்லாமல், நன்றாக வதக்கிய கோஸ் அரைக் கிண்ணம், அதாவது 75 கிராம் வாக்கில் கொடுங்கள். இரண்டு வாரம் அதே அளவு. தொந்தரவில்லை என்றால் முக்கால் கிண்ணமாக்கி, மேலே சொன்ன நிர்ணயத்தில் நிறுத்திவிடலாம். அரைக் கிண்ணத்துக்கே உப்பினால் அவருக்குக் கோஸ் வேண்டாம், அதே சத்தைத் தர வேறு காய்கள் இருக்கின்றன.

பாட்டிலில் விற்கும் புளிக்கவைத்த கோஸைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; சாற்றை விட்டவர்கள் அடுத்துப் போகும் இடம் பெரும்பாலும் அதுதான் என்பதால் சொல்லி வைக்கிறேன். ஒரு கிலோ கோஸுக்கு 20 முதல் 25 கிராம் உப்புப் போட்டுத்தான் அதைப் புளிக்கவைப்பார்கள். உப்பு குறைந்தால் புளிக்கவைக்கும் லாக்டிக் பாக்டீரியாக்களுக்கு முன் கெட்ட கிருமிகள் முந்திக்கொண்டு அழுகிவிடும். ஆகவே ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் உப்பை அடக்க வேண்டிய உடம்புக்கு, இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் அது தகாது. சூடுபடுத்தி அடைத்த பாட்டிலாக இருந்தால் உயிருள்ள பாக்டீரியாவும் இருக்காது.

மகள் பயப்படும் புழு இரண்டு வேறு விஷயங்கள் கலந்த குழப்பம். கோஸின் இலைகளுக்குள் கண்ணுக்குத் தெரிகிற பச்சைப் புழு ஒரு பட்டாம்பூச்சியின் அல்லது அந்துப்பூச்சியின் குட்டிப் பருவம். பார்க்க அருவருப்பு, மனிதருக்குள் வாழாது. மூளையில் கட்டியாகத் தங்கி வலிப்பு வரவைப்பது நாடாப்புழு. அது கோஸில் பிறப்பதோ வளர்வதோ இல்லை. நாடாப்புழு உள்ள மனிதரின் மலத்தில் அதன் முட்டைகள் வெளிவரும். அந்த மலம் கலந்த நீரோ மண்ணோ வயலில் பட்டால், தரையோடு ஒட்டி வளரும் எந்தக் காயிலும் கீரையிலும் முட்டை ஒட்டலாம். கழுவாத கைகளாலும் பரவலாம். இலை அடுக்கு நெருக்கமாக இருப்பதால் கோஸின் பெயர் கெட்டுப்போனது. உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டால் பச்சைப் புழு வெளியே வந்து மிதக்கும். கண்ணுக்குத் தெரியாத முட்டையை அது கொல்லாது. மஞ்சள் தூளும் அப்படியே. முட்டைக்கு மருந்து, இலையைப் பிரித்து ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுவதும், ஆவி பறக்க நன்றாகச் சூடுபடுத்துவதும். ஆக, சமைத்த கோஸில் அவள் பயப்பட ஒன்றுமில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். தண்ணீரின் சுத்தத்தில் சந்தேகம் உள்ள இடங்களில் நறுக்கி வைத்த பச்சைச் சாலட்டை அவள் மறுத்தால், அவள் பக்கம்தான் நியாயம்.

இவ்வளவு சொல்லியும் அவள் தட்டை நகர்த்தினால் பயம் மட்டும் காரணமாக இருக்காது. குளுக்கோசினோலேட்டுகளின் கசப்பை உணரும் திறன் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் மாறுகிறது. உங்களுக்குச் சாதாரணமாகத் தெரிவது அவள் நாக்கில் உண்மையாகவே கசக்கலாம். நாற்றம் கிளம்பும் முன் இறக்கிய, மெல்லியதாக நறுக்கிய கோஸில் பாதிக்குப் பாதி கேரட் சேர்த்து இரண்டு தேக்கரண்டி மட்டும் வையுங்கள். புதிய காய் ஒன்று குழந்தைக்குப் பழக எட்டுப் பத்துத் தடவைகூட ஆகலாம். மிச்சம் வைத்தால் ஒன்றும் சொல்லாமல் எடுத்துவிட்டு, அடுத்த வாரம் மறுபடி அதே இரண்டு தேக்கரண்டி.